ஒத்து ஊதுவது கேவலமா?

கேள்வி: 'ஒத்து ஊதுகிறான்' என்கிறோமே, அந்த ஒத்து என்றால் என்ன? இன்றைய அரசியல்வாதிகள் பலருக்குப் பொருத்தமான சொல்தானே? (மன்னார்குடி வாசகர் ஒருவர்)

பதில்: பொருந்தவே பொருந்தாது. நான் பரிந்து பேசுவது அரசியல்வாதிக்காக அல்ல, ஒத்துக்காக.

நாயனத்துக்குச் சுருதி கொடுக்கும் குழல்தான் ஒத்து. (நாதஸ்வரமா நாகஸ்வரமா என்று இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஆறு மாதம் அடிதடி நடந்தாயிற்று. அதனால்தான் நாயனம் என்கிறேன். யாரும் பேனாவை எடுக்க வேண்டாம்.) பார்க்க நாயனம் போலவே இருக்கும், வாயில் வைத்து ஊதும் நாக்கான சீவாளியும் உண்டு, விரல் வைத்து வாசிக்கத்தான் துளை கிடையாது. அடிப்பக்கத்துத் துளைகளில் மெழுகை அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். அப்புறம் விடாமல் ஒரே ஸ்வரம். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, கன்னத்தில் தேக்கிய காற்றை வாயால் விட்டபடி இருக்க வேண்டும். சுவாமி நாலு வீதியும் சுற்றி வரும்வரை இதே வேலை. நாயனக்காரர் நடுவில் தவிலை வாசிக்க விட்டுவிட்டு வெற்றிலை போடலாம். ஒத்துக்காரர் கொட்டாவிகூட விட முடியாது.

இப்போது சொல்லுங்கள். நாயனம் தோடி ராகத்துக்குப் போனாலும் கல்யாணி ராகத்துக்குப் போனாலும் ஒத்து இருந்த இடத்திலேயே இருக்கும். ஒத்துப்போக வேண்டியவர் நாயனக்காரர்தான். கொஞ்சம் விலகினாலும் ஒத்து காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் சொல்லும் ஆட்களோ, தலைவர் காலையில் சொன்னதை மாலையில் மாற்றினால் இரண்டுக்கும் கைதட்டுகிறவர்கள். இவர்களா ஒத்து?

மேடையில் பின்னால் இருப்பவர்கள் மேல் நமக்கு என்ன கோபமோ! ஒத்து, ஜால்ரா, சிங்சா, பின்பாட்டு என்று வசவெல்லாம் அவர்கள் பக்கமிருந்தே வருகிறது. கூஜா ஒன்றுதான் சமையலறைச் சரக்கு. முன்னால் உட்கார்ந்து அபஸ்வரமாகப் பாடுகிறவரைத் திட்ட இப்படி ஒரு சொல் உண்டா? அவருக்குப் பொன்னாடை. இதை என் உதவி ஆசிரியரிடம் சொன்னேன். "ரொம்பச் சரி சார்" என்றார். முந்தின நாள் இதற்கு நேர்மாறாகச் சொன்னபோதும் ரொம்பச் சரிதான்.

நாயனச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளையே ஒத்தை விலக்கிவிட்டுத் தம்புரா வைத்துக்கொண்டவர். அவர்மேல் எனக்குள்ள ஒரே வருத்தம் அது. அவருடைய தோடியைக் கேட்டால் அதுவும் போய்விடும். நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஒத்து ஊதத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. முதலில் சுருதிப் பெட்டி வந்தது, பிறகு மின்சாரப் பெட்டி, இப்போது செல்போன். சமீபத்தில் ஒரு கல்யாணத்தில், ஆனந்தபைரவி நடுவே சுருதி திடீரென்று நின்று போன் மணி அடித்தது. கடன் வேண்டுமா என்று யாரோ கேட்டார்களாம். ஒத்துக்காரர் வாயில் குழல் இருந்தவரை எந்த வங்கியாலும் அவரோடு பேச முடிந்ததில்லை.