மூன்றாம் அடுக்கில் யார் ஜெயித்தால் என்ன?

அன்புள்ள ஐயா,

நார்வே கால்பந்து பற்றிய உங்கள் குறிப்பில் ‘மூன்றாம் அடுக்கான இரண்டாம் டிவிஷன்’ என்று இருந்தது. எழுத்துப்பிழையா? நான் ராத்திரி கண்விழித்து இங்கிலாந்து ஆட்டங்கள் பார்ப்பவன். ஆட்டக்காரர் எர்லிங் ஹாலண்டின் நாடு என்பதைத் தவிர நார்வே பற்றி எதுவும் தெரியாது. அங்கே மூன்றாம் அடுக்கில் யார் ஜெயித்தால் யாருக்கு என்ன?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

பிழை இல்லை. உச்சியில் இருப்பது எலிட்டேசெரியன். அதற்கு அடுத்ததன் பெயர்தான் முதல் டிவிஷன். ஆக, இரண்டாம் டிவிஷன் மூன்றாவது படி. அதில் இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு 14 அணிகள், ஓர் அணிக்கு 26 ஆட்டங்கள். பிரிவில் முதலாவதாக வரும் அணி நேராக மேலே போகும். கடைசி மூன்றும் கீழே இறங்கும். இரண்டாவதாக வந்த இரு அணிகளும் முதலில் தங்களுக்குள் மோதி, அதில் ஜெயித்தது மேல் டிவிஷனில் 14ஆவதாக நிற்கும் அணியோடு மோத வேண்டும். சீசன் முழுக்க உழைத்த ஓர் அணிக்கு எல்லாமே அந்தச் சில ஆட்டங்களில் முடிவாகிவிடும். பனிக்காலத்தை விட்டுவிட்டு வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிக்கிறார்கள்.

உங்கள் ஹாலண்டையே எடுத்துக்கொள்வோம். 2016இல், 15 வயதில், தான் வளர்ந்த ஊரான பிரூனேவின் அணிக்கு முதல் டிவிஷனில் இறங்கினார். 16 லீக் ஆட்டங்கள், ஒரு கோல்கூட இல்லை. அந்த வருடமே அணி மூன்றாம் அடுக்குக்கு விழுந்தது. அவர் மோல்டே என்ற கிளப்புக்குப் போய்விட்டார். அணி எங்கே போகும்? நான்கு சீசன் கீழேயே ஆடி மேலே ஏறியது. 2025இல் எலிட்டேசெரியனுக்கே வந்துவிட்டது. அது விவசாய ஊர். ஆட்டநாயகனான கோல்கீப்பருக்குத் தட்டுத் தட்டாக முட்டை பரிசு கொடுத்த படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம்.

யாருக்கு என்ன என்று கேட்டீர்கள். ஃபிரெட்ரிக்ஸ்டாட்காரர்களைக் கேட்க வேண்டும். ஒன்பது முறை தேசிய சாம்பியன் ஆன அணி அது. கடைசிப் பட்டம் 1961இல். பழைய கப்பல் கட்டும் தளத்தின் கட்டடங்களோடு சேர்த்துக் கட்டிய மைதானம். 2012இல் உச்சி அடுக்கை இழந்தார்கள். 2017 கடைசியில் நோட்டொடன் என்ற சிறிய ஊரின் அணியிடம் தோற்று இரண்டாம் டிவிஷனுக்கே வந்துவிட்டார்கள். அங்கே மூன்று சீசன். தாத்தா சாம்பியனாகப் பார்த்த அணியைப் பேரன் மூன்றாம் அடுக்கில் பார்க்கிறான். அப்போதும் அது அவன் அணிதான்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஓர் ஆட்டத்தை நேரில் பார்த்தேன், வேறொரு ஊரில். வாசலில் டிக்கெட் கிழித்தவர் கோல்கீப்பரின் அப்பா. பக்கத்துச் சிறு கடையில் ஓர் அம்மா இதய வடிவ வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தார். அதன்மேல் பழுப்புச் சீஸைச் சீவி வைத்து, இரண்டாக மடித்து, மெல்லிய காகிதத்தில் கையில் கொடுத்தார். யாருக்கும் சம்பளம் இல்லை. இதை அங்கே டுக்னாட் என்கிறார்கள், ஊர் கூடிச் செய்யும் வேலை. பிள்ளைகள் வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் செலவுக்காக வீடு வீடாகக் கழிப்பறைக் காகிதக் கட்டு விற்பதும் டுக்னாட்தான். கிளப் அங்கத்தினர்களுடையது. பெரும்பணக்காரர் ஒருவர் வந்து விலை பேசி அதை வாங்கிவிட முடியாது. ஆட்டம் முடிந்ததும் சிறுவர்கள் செயற்கைப் புல்லில் இறங்கிப் பந்தை உதைத்தார்கள். திரும்பி வந்து ஷூவைக் கவிழ்த்தால் கறுப்பு ரப்பர்த் துகள் பொலபொலவென்று கொட்டியது. தோற்ற அணியின் ஆட்டக்காரர் ஒருவர் அதே இடத்தில் நின்று அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அவருக்கு வேலை இருந்தது.

சரி, ஃபிரெட்ரிக்ஸ்டாட் என்ன ஆனது? 2020இல் இரண்டாம் டிவிஷனைத் தாண்டினார்கள். 2023இல் முதல் டிவிஷனை ஜெயித்தார்கள். 2024 டிசம்பரில் ஒஸ்லோவில் நார்வே கோப்பை இறுதி ஆட்டம், எதிரே மோல்டே. கோலே விழவில்லை. பெனால்டியில் 5–4. 18 வருடம் கழித்துக் கோப்பை ஊருக்கு வந்தது. நோட்டொடனிடம் தோற்றபோது அழுதவர்களில் எத்தனையோ பேர் அன்றைக்கும் அங்கே இருந்திருப்பார்கள்.

அடுத்த ஏப்ரலில் இரண்டாம் டிவிஷன் அட்டவணையைத் திறந்து, பெயர் பிடித்த ஓர் ஊரைத் தேர்ந்துகொள்ளுங்கள். 26 ஆட்டமும் அந்த ஒரே ஊரைப் பின்தொடருங்கள். அவர்களுக்கு மதியம் 3 மணி என்றால் நமக்கு மாலை 6.30. கண்விழிக்க வேண்டியதில்லை. எந்த ஊர் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.