ஏகேஎம்மைக் கீழே வையுங்கள் அம்மா, யுஎம்பியில் தொடங்கலாம்

கேள்வி: எனக்கு 63 வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் பேரனோடு பேச ஒரு சாக்காக இருக்கட்டும் என்று பிஜிஎம்ஐ என்கிற மொபைல் துப்பாக்கி ஆட்டத்தை ஆடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. "ஏகேஎம் எடுங்க பாட்டி, அதுலதான் டேமேஜ் அதிகம்" என்கிறான். நான் சுட்டால் தோட்டாவெல்லாம் வானத்துக்குப் போகிறது. எதிரில் இருப்பவன் நிதானமாகத் திரும்பி என்னைச் சுட்டுவிடுகிறான். என் வயதுக்கு எந்தத் துப்பாக்கி சரிப்படும்? கடையில் மினுக்கிக்கொண்டு விற்கிற துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கினால் உதவுமா?

பதில்: அம்மா, பேரன் சொல்வதில் பாதி சரி. ஏகேஎம்மின் ஒரு தோட்டா உடம்பில் பட்டால் ஏறக்குறைய 48 புள்ளி உயிர் போகும். பசங்க எம்ஃபோர் என்று கூப்பிடும் எம்416-இன் தோட்டாவுக்கு ஏறக்குறைய 41. ஆட்டத்தில் ஒருவருக்கு மொத்த உயிர் 100. இப்போது நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். வெஸ்ட், அதாவது உடம்புக் கவசம், போடாத ஒருவரை வீழ்த்த ஏகேஎம்முக்கு எத்தனை தோட்டா வேண்டும்? இரண்டு பட்டால் 96, மூன்றாவதும் வேண்டும். எம்416-க்கு இரண்டு பட்டால் 82, அதற்கும் மூன்றாவது வேண்டும். எதிரி லெவல் 2 வெஸ்ட் போட்டிருந்தால் அது 40 சதவீதத்தைத் தாங்கிக்கொள்ளும். அப்போது ஏகேஎம்முக்கு நான்கு தோட்டா, எம்416-க்கு ஐந்து. அப்டேட் வரும்போது இந்த எண்கள் கொஞ்சம் கூடும், குறையும். எவ்வளவு தூரம், உடம்பில் எந்த இடம் என்பதைப் பொறுத்தும் மாறும். ஆனாலும் பேரன் பெரிதாகச் சொல்கிற வித்தியாசம் ஒரு தோட்டாவுக்கு மேல் இல்லை.

அந்த ஒரு தோட்டாவுக்கு நீங்கள் கொடுக்கும் விலைதான் அதிகம். ஏகேஎம்மின் ரீகாயில், அதாவது சுடச்சுடக் குழல் மேலே எகிறுவது, கடுமையானது. அதில் கிரிப், அதாவது குழலுக்குக் கீழே பிடிக்கும் பிடி, மாட்டவும் இடம் கிடையாது. முதல் தோட்டா நெஞ்சுக்குப் போகும், மூன்றாவது தலைக்கு மேல் பறக்கும், எட்டாவது தோட்டா மாடி ஜன்னலில் படும். உங்கள் பேரனின் கட்டைவிரல் வருடக்கணக்காகப் பழகியது. குழல் எகிறுவதற்குச் சரியாக, அவனை அறியாமலேயே, விரல் கீழே இழுத்துக்கொடுக்கும். அவனுக்கு ஏகேஎம் பொருத்தம். உங்களுக்கு இப்போதைக்கு இல்லை.

வயதைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 2014-இல் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினி ஆட்டம் ஆடிய 16 முதல் 44 வயது வரையான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஆட்டத்தில் ஒன்றைப் பார்த்து அதற்கு எதிர்வினை காட்டும் வேகம் 24 வயதிலிருந்தே குறையத் தொடங்குகிறது என்று தெரிந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. வயதில் மூத்தவர்கள் எளிமையான உத்திகளைப் பிடித்துக்கொண்டு, ஆட்டமே தருகிற வசதிகளை நன்றாகப் பயன்படுத்தி, அந்தக் குறையை ஈடுகட்டினார்கள். ஸ்வீடனில் சில்வர் ஸ்னைப்பர்ஸ் என்று, கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி ஆட்டத்துக்கு முதியவர்களின் அணி ஒன்று உருவானது. ஜப்பானின் அகிதாவில் மதாகி ஸ்னைப்பர்ஸ் என்று இன்னொரு முதியவர் அணி உருவானது. இருபது வயதுப் பையனோடு வேகத்தில் போட்டி போட்டுத்தான் ஆட வேண்டும் என்பதில்லை. நீங்கள் போட வேண்டாம். எதிரியை அதிகமாகக் காயப்படுத்தும் துப்பாக்கியைத் தேடாமல், நம் தவறை அதிகமாகப் பொறுத்துக்கொள்ளும் துப்பாக்கியைத் தேடுங்கள். அதிகம் எகிறக் கூடாது, மேகஸினில் தோட்டா போதுமான அளவு இருக்க வேண்டும், கிரிப், ஸ்கோப் போல மாட்டிக்கொள்ளும் அட்டாச்மென்ட் ஒன்றுகூடக் கிடைக்காவிட்டாலும் ஒழுங்காகச் சுட வேண்டும்.

இந்த மூன்றுக்கும் முதலில் பொருந்துவது யுஎம்பி45. சப்மெஷின் கன் வகை. மேகஸினில் 25 தோட்டா, எக்ஸ்டெண்டட் மேக் கிடைத்தால் 35. வெறும் துப்பாக்கியாகவே அடங்கிச் சுடும். தூரத்துக்கு உதவாது, தோட்டா மெதுவாகப் போகும். ஆனால் வீட்டுக்குள், வாசலில், தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு என்றால் போதும். புதிதாக ஆடுபவர்கள் செத்துப்போவது பெரும்பாலும் இந்தத் தூரத்தில்தான். அடுத்த இரண்டு வாரம் யுஎம்பியைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். தரையில் எது கிடந்தாலும் சரி.

நேராக மேட்ச்சுக்குப் போகாமல் ட்ரெய்னிங் கிரவுண்டில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு சுவருக்கு முன்னால் பத்தடி தள்ளி நில்லுங்கள். குறியை ஒரு புள்ளியில் வைத்து, விரலை எடுக்காமல் மேகஸின் முழுவதையும் சுடுங்கள். சுவரில் விழுந்த ஓட்டைகளைப் பாருங்கள், வால் போல மேலே ஏறியிருக்கும். அடுத்து குனிந்து உட்கார்ந்து அதையே செய்யுங்கள், வால் குட்டையாகும். வெர்ட்டிகல் கிரிப் மாட்டினால் இன்னும் குட்டையாகும். அப்புறம் அதே புள்ளியில் ஏகேஎம்மையும் ஒரு தடவை சுட்டுப் பாருங்கள். நான் இங்கே பக்கம் பக்கமாக எழுதுவதை அந்தச் சுவர் ஒரே நிமிடத்தில் காட்டிவிடும்.

என் மாமனாருக்கு 66 வயதில் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலையே கவனித்தபோதுதான் பிரச்சினை புரிந்தது. எதிரியைப் பார்த்ததும் பதற்றத்தில் அவர் கட்டைவிரல் ஃபயர் பட்டனில் ஒட்டிக்கொள்ளும். நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துவார். எம்416 வைத்திருந்தால் 30 தோட்டாவும் இரண்டரை விநாடியில் காலி. அப்புறம் ரீலோட் ஆகும்வரை சும்மா நிற்க வேண்டியதுதான். "மாமா, தபேலா தட்டுற மாதிரி தட்டுங்க, நாலு தோட்டா, விடுங்க, மறுபடி நாலு" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். ஒரு வாரம் ஆனது. துப்பாக்கியை மாற்றியதைவிட அந்தப் பழக்கம்தான் அவருக்கு அதிகம் உதவியது. உங்கள் விரலும் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். அநேகமாக ஒட்டும். புதிதாக வருகிற எல்லோருக்கும் ஒட்டும், இருபது வயதுக்காரர்களுக்கும்தான்.

யுஎம்பி கைக்கு வந்ததும் அசால்ட் ரைஃபிளுக்குப் போகலாம். எல்லோரும் எம்416 என்பார்கள், நான் உங்களுக்கு முதலில் ஸ்கார்-எல் சொல்வேன். இரண்டுக்கும் ஒரே 5.56 தோட்டா, மேகஸினில் 30, சேதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எம்416 முழுத் திறமையைக் காட்ட குழல் முனையில் ஒன்று, கீழே கிரிப், பின்னால் தோளில் பதியும் டாக்டிகல் ஸ்டாக், எக்ஸ்டெண்டட் மேக் என்று எல்லாம் சேர வேண்டும். அதையெல்லாம் தேடி வீடு வீடாக ஏறி இறங்குவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்துவிடுவார்கள். ஸ்கார்-எல் கொஞ்சம் மெதுவாகச் சுடும், ஸ்டாக்கே தேவையில்லை. மெதுவாகச் சுடுவது உங்களுக்கு நல்லது. தோட்டாவுக்கும் தோட்டாவுக்கும் நடுவில் குறியைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். எம்416-க்கு வேண்டியதெல்லாம் தானாகச் சேர்ந்துவிட்ட நாளில் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது துப்பாக்கியாக எனக்கு மிகவும் பிடித்தது டிபி-28. லைட் மெஷின் கன், தலையில் தோசைக்கல் மாதிரி வட்டமான மேகஸின், அதில் 47 தோட்டா. தரையிலேயே கிடைக்கும். பசங்க பலர் கண்டுகொள்ளாமல் போவார்கள், ஏனென்றால் ஓடிப் போய் அடிக்கிற ஆட்டத்துக்கு அது ஒத்துவராது. ரீலோட் ஆக ஐந்து விநாடிக்கு மேல் ஆகும். ஆனால் தரையில் படுத்துக்கொண்டு சுட்டால் குழல் ஏறக்குறைய அசையாது. அதில் மூன்று மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு 3எக்ஸ் ஸ்கோப் மாட்டி, மேட்டில் புல்லுக்குள் படுத்துக்கொள்ளுங்கள். பேரன் "ரஷ் போறேன் பாட்டி" என்று ஓடினால் ஓடட்டும். அவன் நுழையும் வீட்டு ஜன்னலில் யாராவது தலை காட்டினால் நீங்கள் பின்னாலிருந்து அந்த ஜன்னலை அடியுங்கள். படாவிட்டாலும் எதிரி தலையை உள்ளே இழுத்துக்கொள்வான், பேரனுக்கு அது போதும். ஒரு ஸ்குவாடில் கவர் கொடுக்கும் ஆளுக்கு மதிப்பு அதிகம். அவசரம் இல்லாத மனுஷர்தான் அதைச் செய்ய முடியும். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பை ஒரே பார்வையில் கவனித்தவர் நீங்கள், ஒரு தெருவைக் கவனிப்பது உங்களுக்குப் பெரிய வேலையில்லை.

படுத்துச் சுடுவது பிடிக்கவில்லை என்றால் மினி14. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தோட்டா, வேகமாகப் போகும், மேகஸினில் 20. அதுவும் 5.56 என்பதால் ஸ்கார்-எல்லோடு சேர்த்து வைத்தால் பையில் ஒரே வகைத் தோட்டா போதும். 200 எடுத்துக்கொண்டால் பல சண்டைக்குத் தாங்கும், மிச்ச இடத்தில் ஃபர்ஸ்ட் எய்டு வைக்கலாம். இரண்டு வகைத் தோட்டா வைத்துக்கொண்டு சண்டை நடுவில் எது தீர்ந்தது என்று குழம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போதைக்குத் தொட வேண்டாதவை: பெரில் எம்762, ஏகேஎம்மைவிட மோசமாக எகிறும். கார்98, எம்24 போன்ற ஸ்னைப்பர்கள், ஒரு தோட்டா தவறினால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். இரட்டைக் குழல் எஸ்686, இரண்டே தோட்டா. ஏர்டிராப்பில், அதாவது விமானத்திலிருந்து சிவப்புப் புகையோடு விழும் பெட்டியில், வரும் ஏடபிள்யூஎம் ஸ்னைப்பர் பற்றிப் பேரன் பெருமையாகச் சொல்லியிருப்பான். அது லெவல் 3 ஹெல்மெட்டையும் ஒரே அடியில் தாண்டும், உண்மைதான். ஆனால் அந்தச் சிவப்புப் புகையைச் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே போகாதீர்கள்.

கண்ணுக்கு வருவோம், ஏனென்றால் துப்பாக்கித் தேர்வில் பாதி இதுதான். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வராதவர்கள் குறைவு. படிக்கிற கண்ணாடியைக் கட்டாயம் போட்டுக்கொண்டு ஆடுங்கள். எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் ஸ்கோப் இல்லாமல் சண்டைக்குப் போகாதீர்கள். துப்பாக்கியோடு வருகிற இரும்புக் குறி நம் கண்ணுக்கு எதிரியையே மறைத்துவிடும். ரெட் டாட் போதும். செட்டிங்ஸில் ஸ்கோப் பகுதிக்குப் போய் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாற்றிப் பாருங்கள், புல்லுக்கும் மண்ணுக்கும் மேல் எது பளிச்சென்று தெரிகிறதோ அதை வையுங்கள். ஆரம்பத்தில் 4எக்ஸுக்கு மேல் வேண்டாம். பெரிதாகத் தெரியும் என்று 6எக்ஸ், 8எக்ஸ் மாட்டினால் கையின் சின்ன நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். வீட்டில் டேப்லெட் இருந்தால் அதில் ஆடுங்கள்.

அதே செட்டிங்ஸில், குறி வைக்க உதவும் எய்ம் அசிஸ்ட் ஆனில் இருக்கட்டும். யாராவது கேலி செய்தாலும் அணைக்காதீர்கள், அது ஆட்டமே கொடுத்த வசதி. ஃபயர் பட்டனைப் பெரிதாக்கி, உங்கள் கட்டைவிரல் இயல்பாகப் போய் நிற்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். காலடிச் சத்தம் காதில் சரியாக விழாவிட்டால் கவலை வேண்டாம். மூலையில் இருக்கும் சின்ன வரைபடத்தில் எதிரியின் காலடியும் துப்பாக்கிச் சத்தமும் குறிகளாகத் தெரியும். ஓடும்போது அதில் ஒரு கண் இருக்கட்டும். போனைச் சாய்த்துக் குறி திருப்பும் கைரோஸ்கோப்பை இப்போது விட்டுவிடுங்கள். ஸ்கார்-எல் பழகியபின், ஸ்கோப் திறக்கும்போது மட்டும் வேலை செய்கிற மாதிரி வைத்து, குறைந்த சென்சிட்டிவிட்டியில் தொடங்கலாம். கட்டைவிரலில் மூட்டுவலி இருக்கிறவர்களுக்கு அது நிம்மதி தரும்.

எரங்கல் வரைபடத்தில் ஆடும்போது போச்சிங்கியிலும் ஸ்கூலிலும் குதிக்காதீர்கள், அங்கே எப்போதும் கூட்டம். ஓரத்தில் நாலைந்து வீடு இருக்கிற இடமாக இறங்கினால் யுஎம்பியோ ஸ்காரோ கிடைக்க நேரம் இருக்கும்.

கடைசியாக, கடையில் விற்கும் துப்பாக்கிகள். அவை ஸ்கின், அதாவது துப்பாக்கிக்குப் போடும் சட்டை. நெருப்பு பறக்கும், நிறம் மாறும், வீழ்த்தினால் அலங்காரமாகச் செய்தி வரும். ஆனால் எதிரிக்குப் படும் சேதம் கூடாது, ரீகாயிலும் குறையாது. தரையில் கிடக்கும் சாதா ஸ்கார்-எல்லும் அதுவும் ஒரே துப்பாக்கி. பென்ஷன் பணத்தை அதில் போடாதீர்கள். கையில் நூறோ இருநூறோ இருந்தால் காதுக்கு ஒரு வயர் இயர்போன் வாங்குங்கள், பேரன் "பாட்டி, வலது பக்கம்" என்று சொல்வது தாமதமில்லாமல் கேட்கும்.