வண்டியை உயர்த்தியாச்சு, பிரேக் ஹோஸைப் பார்த்தீங்களா?

பேராக்கில் இருக்கிற சுங்கை சிப்புட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். செம்பனை, டுரியான் தோட்டங்களுக்கு ஓடுகிற ஃபோர் வீல் வண்டிகள்தான் என்னிடம் அதிகம் வரும். ஸ்ப்ரிங் மாற்றி வண்டியை உயர்த்துகிறவர்கள் பிரேக்கை மட்டும், அதிலும் பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாயான ஹோஸை, மறந்துவிடுகிறார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, என் ஹைலக்ஸை ரெண்டு இஞ்ச் உயர்த்தினேன். பழைய பிரேக் ஹோஸே போதும்னு கடையில சொல்லிட்டாங்க. போதுமா? (லாசாவிலிருந்து ஒரு தம்பி)

தரையில் நிற்கிற வண்டியைப் பார்த்துச் சொன்னால் எல்லா ஹோஸும் போதும்தான். சக்கரம் தொங்கும்போது பார்க்கணும் தம்பி.

என் மச்சான் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். மூணு இஞ்ச் உயர்த்தியிருந்தார். டுரியான் தோட்டத்திலிருந்து இறங்கும்போது பின்சக்கரம் ஒன்று கானுக்குள் (வாய்க்காலுக்குள்) விழுந்து தொங்கியது. அடுத்த மிதியில் பெடல் கீழே போய்விட்டது. முன் பிரேக்குக்குத் தனி வழி இருந்ததால், அதையும் ஹேண்ட் பிரேக்கையும் வைத்து நிறுத்தினார். நான் போய்ப் பார்த்தபோது, சேசிஸிலிருந்து (வண்டியின் அடிச்சட்டம்) பின் அச்சுக்குப் போகிற ஹோஸ், நுனியில் இருக்கும் இரும்பு மூடியைவிட்டு உருவிக்கொண்டு வந்திருந்தது. ரப்பர் புதுசு போலவே இருந்தது. நீளம்தான் பத்தவில்லை.

சமதரையில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சேசிஸை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வை. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதே. சக்கரம் முழுசாகத் தொங்கட்டும். முன்பக்கம் என்றால் ஸ்டியரிங்கை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்பிப் பார். பின்பக்கம் ஒரு சக்கரத்தைத் தொங்கவிட்டு, மறுபக்கத்தை ஜாக்கால் மேலே தள்ளு. காட்டுப் பாதையில் அச்சு அப்படித்தான் முறுக்கும். அந்த நிலையிலும் ஹோஸில் கொஞ்சம் தொய்வு மிச்சம் இருந்தால் போதும். விறைத்துக்கொண்டு நின்றால் நீளமானது வாங்கு. ரெண்டு இஞ்சுக்கு, ஹோஸைப் பிடிக்கிற பிராக்கெட்டைச் சேசிஸிலிருந்து கீழே இறக்கினாலே பல வண்டிகளுக்குச் சரியாகிவிடும்.

அதற்காக ஒரேயடியாக நீளமாகவும் போடாதே. தொங்குகிற ஹோஸை டயர் தேய்த்துவிடும்.

அங்கிள், ஸ்டீல் வலை போட்ட ஹோஸ் மாத்துனா சீக்கிரமா நிக்குமா?

மிதிக்கிறபோது பெடல் கெட்டியாக இருக்கும்மா. அழுத்தத்தில் ரப்பர் கொஞ்சம் உப்பும். உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே ஸ்டீல் வலை என்று இருப்பது அவ்வளவு உப்பாது. பெடல் கெட்டியானதாலேயே நிற்கிற தூரம் குறைந்துவிடாது, அது டயரையும் பேடையும் பொறுத்தது. இன்னொன்று, அந்த வலை அரம் மாதிரி. பக்கத்தில் ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கிற அமைப்பு) வயர் உரசினால் அறுத்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்டதாகப் பார்த்து வாங்கு.

ஐயா, உயர்த்தினதிலிருந்து பின் பிரேக் பிடிக்கிற மாதிரியே இல்லை. பழைய டிரம் பிரேக் பிக்கப். பிரேக் பைப்பில் இருந்த காத்தெல்லாம் எடுத்தாச்சு.

இதை யாராவது கேட்கணும் என்று காத்திருந்தேன். பழைய பிக்கப் பலவற்றில் பின் அச்சுக்கு மேலே, சேசிஸில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்கும், கம்பி அசையும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலி வண்டி என்றால் குறைத்துவிடும், இல்லாவிட்டால் பின்சக்கரம் லாக் ஆகிச் சறுக்கும். வண்டியை உயர்த்தியதும் சேசிஸ் அச்சைவிட்டு விலகிப் போகிறது. செம்பனைக் குலை ஏற்றியிருந்தாலும் அந்த வால்வுக்கு வண்டி காலி என்றுதான் படும். கம்பி அச்சோடு சேருகிற இடத்தில், உயர்த்திய அளவுக்கு ஒரு பிராக்கெட் வைத்து மேலே ஏற்றுங்கள். பிறகு ஆளில்லாத மண் ரோட்டில் மெதுவாகப் போய்ப் பிடித்துப் பாருங்கள். முன்சக்கரத்துக்கு முன்னால் பின்சக்கரம் லாக் ஆகக் கூடாது.

ஏர்கோன் காப்பர் பைப் கொஞ்சம் கிடக்கு. அதை வச்சு பிரேக் பைப்பை நீட்டலாமா?

வேண்டவே வேண்டாம். காப்பர் அதிர்வில் விரிசல் விடும். பிரேக்குக்கென்று செய்த ஸ்டீல் பைப், அல்லது செம்பு நிக்கல் கலந்த பைப் போடுங்கள். நுனி மடிப்பிலும் இரண்டு வகை உண்டு, ஒன்றுக்கு மற்றது சேராது. பழைய நுனியைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பிரேக் ஆயில் எது ஊத்துறது? டாட் 5 தான் பெஸ்ட்னு சொல்றாங்களே.

டாட் 5 சிலிகான், மற்றதோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 3, டாட் 4 குடும்பம். பிரேக் ஆயில் டப்பா மூடியில் எழுதியிருப்பதையே ஊற்றுங்கள். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் குடித்தபின் அது 155 வரை இறங்கலாம். நம்ம ஊர் ஈரக் காற்றுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவணும்.

அண்ணே, எங்க வீட்டுக்காரர் நேத்துதான் ஹோஸ் மாத்துனாரு. நாளைக்கு ஜாலோங் பக்கம் தோட்டத்துக்குப் போறாரு. எதைப் பார்க்கச் சொல்லட்டும்?

நல்லவேளை கேட்டீங்கம்மா. கேலிப்பரில் (பேடை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்துகிற பாகம்) ஹோஸ் சேருகிற போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் செம்பு வாஷர் இருக்கும். புதுசு போட்டாரா என்று கேளுங்கள், பழையது மறுபடி அமுங்காது. எஞ்சினை ஓடவிட்டு அவர் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்கட்டும், நீங்கள் டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டையும் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். ஒரு பொட்டு ஈரம் தெரிந்தாலும் நாளைக்குப் போக வேண்டாம். பெடல் மெல்ல மெல்லக் கீழே போனாலும் அதேதான். காய்ந்திருந்தால் போய்வரட்டும். வந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு, ஹோஸில் எங்காவது உரசின பளபளப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.