வார்சா வெறும் நகலா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அண்மையில் போலந்து போயிருந்தோம். வார்சாவின் பழைய நகரச் சதுக்கத்தில் ஆசை தீரப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த வீடுகள் எல்லாம் 1945க்குப் பிறகு கட்டியவை என்றார் வழிகாட்டி. சப்பென்று ஆகிவிட்டது. பழசைப் போலக் கட்டி வைத்ததை யுனெஸ்கோ எப்படிப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் அந்த வீடுகளை நகல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

வார்சா போரில் தற்செயலாகச் சிக்கி அழிந்த ஊர் அல்ல. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிராக 1944 ஆகஸ்ட் 1 அன்று வெடித்த எழுச்சி 63 நாட்களில் ஒடுக்கப்பட்டது. அதன்பின் மிச்சமிருந்த மக்களைத் துரத்திவிட்டு, ஜெர்மானியர்கள் தெருத்தெருவாகத் தீ வைத்தார்கள், வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கிருந்த அரச அரண்மனையின் சுவர்களில் வெடிமருந்துக்கான துளைகளைப் போரின் தொடக்கத்திலேயே போட்டு வைத்திருந்தார்கள். போலந்துக்காரர்களுக்குத் தலைநகரமே இருக்கக்கூடாது என்று நினைத்தவர்களின் வேலை அது. இடிபாடுகளை அப்படியே விட்டிருந்தால் அவர்கள் நினைத்ததுதான் நடந்திருக்கும்.

கட்டடக்கலைப் பேராசிரியர்களும் மாணவர்களும் உயிரைப் பணயம் வைத்துக் காத்த வரைபடங்கள் இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் அரசவை ஓவியர் பெல்லோட்டோ வரைந்த தெருக்காட்சிகள் இருந்தன. இடிபாடுகளில் பொறுக்கியெடுத்த சிற்பத் துண்டுகளைப் புதிய சுவர்களிலேயே பதித்தார்கள். சதுக்கம் 1953இல் எழுந்தது. மக்கள் கொடுத்த நன்கொடையில் எழுந்த அரண்மனை 1984இல் திறக்கப்பட்டது. 1980இல் யுனெஸ்கோ ஏற்றதே இந்த மீட்டெழுப்பலைத்தான்.

எனக்கு வருத்தம் வேறொன்றில். சதுக்கத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் முரானுவ் இருக்கிறது. போருக்கு முன் வார்சாவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் யூதர். அவர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. 1940இல் ஜெர்மானியர்கள் மதில் எழுப்பி அவர்களை அடைத்தார்கள். 1942 கோடையில் அங்கிருந்து ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயில் ரயிலாக அனுப்பினார்கள். அடைபட்ட யூதர்கள் 1943இல் நடத்திய எழுச்சிக்குப் பிறகு எல்லாம் தரைமட்டம். அந்தச் சந்துகளை யாரும் மீட்டெழுப்பவில்லை. வேண்டும் என்று கேட்க ஆளும் இல்லை. இடிபாட்டு மேட்டின்மேலேயே, இடிபாட்டை அரைத்து வார்த்த கற்களால், புதிய குடியிருப்புகளைக் கட்டினார்கள். சில வீடுகளுக்கு இன்றும் படியேறித்தான் போக வேண்டும். அந்தச் சுவர்களைப் பூசாமல் விட்டால் அவையே நினைவுச்சின்னமாக நிற்கும் என்று நினைத்தார் கட்டடக் கலைஞர் லாஹெர்ட். பார்க்கச் சோகமாக இருக்கிறது என்று சொல்லிப் பிறகு பூசிவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அன்புடன்.