சாலை மரணமும் இளம் ஓட்டுநரும்: வழக்கறிஞர் பதில்கள்

செந்தூல் வாசகி: ஐயா, 17 வயது மகன் பி உரிமத்துடன் (புதிய ஓட்டுநருக்கான உரிமம்) ஓட்டிய கார் மோதி முதியவர் ஒருவர் இறந்துவிட்டார். ஐந்தாண்டுச் சிறை கட்டாயமா?

பதில்: அம்மா, நீங்கள் கேள்விப்பட்டது மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41(1)ஆம் பிரிவு. 2020இல் திருத்தப்பட்ட அப்பிரிவின்படி, அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்தவருக்கு 5 முதல் 10 ஆண்டுச் சிறையும் 20,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதமும் உண்டு. ஆனால், 18 நிறையாதவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டால், 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி, மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமரும் சிறார் நீதிமன்றமே விசாரிக்கும். குற்றம் நிரூபணமானாலும், நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்த்த பிறகே தண்டனை முடிவாகும். எச்சரிக்கை, நன்னடத்தைப் பிணை, அபராதம், ஹென்றி கர்னி பள்ளி என்னும் சிறார் சீர்திருத்தப் பள்ளி எனப் பல வழிகள் உள்ளன. 14 வயதைக் கடந்தவரைச் சிறைக்கு அனுப்பலாம் என்றாலும், வேறு வகையில் தக்கபடி கையாள முடியாத நிலையில்தான் அதற்கு இடமுண்டு. குற்றஞ்சாட்டும் நாளுக்குள் அவருக்கு 18 நிறைந்துவிட்டால் வழக்கு வேறு நீதிமன்றத்துக்குப் போகும்; எனவே பிறந்த தேதியை வழக்கறிஞரிடம் முதலில் சொல்லுங்கள். "அப்பாதான் ஓட்டினார்" என்று மட்டும் எவரும் வாக்குமூலம் கொடுக்க வேண்டாம்.

பட்டர்வொர்த் வாசகர்: என் தம்பிக்கு 19.

பதில்: வழக்கமான நீதிமன்றம்தான்.

கிள்ளான் வாசகர்: மது அருந்தியிருந்தால்?

பதில்: 44(1)ஆம் பிரிவு, முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டுச் சிறை.

பத்து கேவ்ஸ் வாசகர்: 2017இல் ஜொகூர் பாருவில் சைக்கிளோட்டிய எட்டுச் சிறுவர்கள் மாண்ட வழக்கில், காரோட்டிய பெண் இளையவர் என்பதால்தானே விடுதலை?

பதில்: இல்லை. சம்பவத்தின்போது அவருக்கு வயது 22. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருமுறை விடுவித்தது. 2022இல் உயர்நீதிமன்றம் ஆறாண்டுச் சிறை விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ரத்துச் செய்தது. அங்கே வாதம் வயதைப் பற்றியதல்ல. குற்றச்சாட்டு எழுதப்பட்ட விதமே முக்கியமாக ஆராயப்பட்டது.

அதே வாசகர்: எட்டு உயிர் போயிற்றே, அதற்குக் கணக்கில்லையா?

பதில்: உயிர்களின் எண்ணிக்கை தண்டனையின் அளவைப் பாதிக்கலாம், ஓட்டியது அபாயகரமானதா என்பதை அது நிரூபிக்காது. பின்னிரவில் இருண்ட சாலையில் ஓட்டுநருக்கு என்ன தெரிந்திருக்க முடியும் என்பதையும் கேட்டாக வேண்டும். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆயினும் கோபத்தைக் கொண்டு குற்றத்தை நிறுவ முடியாது.

ஜெலுத்தோங் வாசகர்: காப்புறுதி இழப்பீடு கிடைக்குமா?

பதில்: அது உரிமையியல் வழக்கு, அத்துறை வழக்கறிஞரைப் பாருங்கள்.

செராஸ் வாசகர்: 17 வயது மகனுக்கு ஐந்தாண்டு கட்டாயமா? பழியை நான் ஏற்கலாமா?

பதில்: முதல் பதிலை முழுவதும் படியுங்கள். பழியை ஏற்கக் கூடாது; பொய் வாக்குமூலத்தால் வழக்கு இரண்டாகும்.