சத்திரத்துக் கணக்கைப் படிக்க வருகிறீர்களா? – கேள்வி பதில்

தஞ்சாவூர்ச் சீமையின் சத்திரங்கள், கட்டளைகள் (கோயில் செலவுக்கு விட்ட அறக்கொடைகள்), தர்ம சாசனங்கள் (தர்மத்துக்குச் சொத்து எழுதிவைத்த பத்திரங்கள்) இவற்றோடுதான் என் காலம் போயிருக்கிறது. இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

மன்னார்குடியிலிருந்து ஓர் அம்மா: மகள் எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டாள். தான தர்ம வரலாற்றில்தான் ஆராய்ச்சி என்கிறாள். பிழைப்புக்கு ஆகுமா ஐயா?

அம்மா, அந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது. வரலாற்று ஆசிரியராகத்தான் உள்ளே நுழைய வேண்டும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வை எழுதட்டும், அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சிக் காலத்தில் கையைக் கடிக்காது. ஆசையைத் தடுக்காதீர்கள்.

பட்டுக்கோட்டைத் தம்பி: சத்திரத்தில் சோறு போட்டார்கள், அவ்வளவுதானே? ஆராய என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது தம்பி. 1799 உடன்படிக்கையில் தஞ்சாவூர் நாட்டு நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்குப் போயிற்று. சத்திரங்களும் போய்விடக் கூடாதே என்று தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் கும்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் நடப்பதை அதில் சொல்கிறார்: சாதி பார்க்காமல் வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறு; சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் சாமானும். நடுராத்திரியில் மணி அடித்து, "இன்னும் சாப்பிடாதவர்கள் வாருங்கள்" என்று கூவுவார்களாம். கைக்குழந்தைக்குப் பால், பிள்ளைத்தாய்ச்சிக்கு அங்கேயே பிரசவம், விஷக்கடிக்கு வைத்தியர், அநாதைப் பிள்ளைகளுக்கு வாத்தியார், நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். அந்த மணியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் அந்தக் கடிதம் ஒரு விண்ணப்பம். கேட்டுப் பெற எழுதுகிறவர் நல்லதைத்தான் எழுதுவார். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரமாகட்டும், வேறெதுவாகட்டும், எத்தனை கலம் நெல் வந்தது, எத்தனை இலை விழுந்தது, யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று தேடிப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும். கொடுத்தவர் பெயர் கல்லிலேயே இருக்கும். சாப்பிட்டவரைத் தேடுவதுதான் நம் வேலை.

திருவாரூர் மாணவர்: மோடி எழுத்து கட்டாயமா?

மராட்டியர் காலம் என்றால் ஆம். மோடி என்பது மராத்தியைக் கூட்டெழுத்தாக வேகமாக எழுதும் முறை. ஆகவே மராத்தியும் வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மோடி ஆவணத் தமிழாக்கத்தில் தொடங்குங்கள். பிறகு தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம்.

கும்பகோணம் அன்பர்: தாத்தா எழுதிய தர்ம சாசனம் வீட்டில் இருக்கிறது. அதன்படி எதுவும் நடக்கவில்லை. வரலாற்றுக்குப் பயன்படுமா?

நடக்காததும் வரலாறுதான். சென்னையில் பெரும் பொருள் சேர்த்த வணிகர் பச்சையப்ப முதலியார் 1794-இல் உயில் எழுதினார், அதே வருஷம் திருவையாற்றில் காலமானார். உயிலில் பெரும்பாலும் கோயில் கைங்கரியமும் தர்மமும்தான். சொத்து வெகுகாலம் வழக்கில் கிடந்து, மிஞ்சிய பணத்தில் 1842-இல் சென்னையில் பள்ளிக்கூடம் வந்தது. எழுதியதற்கும் நடந்ததற்கும் நடுவே இருக்கும் அந்த 48 வருஷம்தான் என்னை இழுக்கிறது.

உங்கள் சாசனத்தைத் தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள். மடிப்பைப் பதமாகப் பிரித்து, இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பின்பக்கத்தில் யாராவது பென்சிலால் நெல் கணக்குப் போட்டிருந்தால் முதலில் அதை எனக்கு அனுப்புங்கள்.