வாசகர் கேள்வி – பதில்: பதினான்கு கோடியே இருபது லட்சம் யாருடைய விலை?

அபுதாபியில் 2025 டிசம்பர் 16-ஆம் தேதி ஐ.பி.எல். மினி ஏலம் (அணிகளின் காலியிடங்களை நிரப்பும் சிறு ஏலம்) முடிந்த பிறகு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைப் பற்றியவை. யாரை விட்டார்கள், யாரை எடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதில் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

“என் மகனுக்குப் பத்து வயது. போன வருடம் வாலாஜா சாலையில் நின்று அவனே தேர்ந்தெடுத்து வாங்கிய சட்டை, முதுகில் ஜடேஜா பெயரும் 8-ஆம் எண்ணும் போட்டது. இப்போது அதைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டான். ஓர் அணிக்கு நன்றியுணர்வு வேண்டாமா?”
*– திருவல்லிக்கேணி வாசகர்*

ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போய்விட்டதில் உங்கள் மகனின் வருத்தம் எனக்கும் உண்டு. 2023 இறுதிப் போட்டியில், கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் தேவைப்பட்ட நிலையில், மோஹித் சர்மாவின் பந்துகளில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஐந்தாவது கோப்பையைக் கொண்டுவந்தவர் ஜடேஜா. அன்று தோனி அவரைத் தூக்கிக்கொண்ட காட்சியைப் பார்த்து அழாத சென்னை ரசிகர் குறைவு. 2012-இல் வந்தவர், அணி தடைசெய்யப்பட்டிருந்த இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, இங்கேயேதான் ஆடினார்.

ஆனாலும் இந்தப் பரிமாற்றத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஜடேஜாவும் சாம் கரணும் ராஜஸ்தானுக்குப் போக, சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்திருக்கிறார். ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. சாம்சனுக்கு அதே 18 கோடி. சென்னையின் ஏட்டில் முன்பு ஜடேஜா, கரண் இருவருக்குமாக இருந்த 20.40 கோடி இப்போது ஒருவருக்கான 18 கோடி ஆகியிருக்கிறது. ஜடேஜாவுக்கு வயது 37, சாம்சனுக்கு 31. தோனிக்குப் பிறகு விக்கெட்டுக்குப் பின்னால் நிற்கப்போவது யார் என்று நாம் எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இப்போதுதான் ஒரு முகம் கிடைத்திருக்கிறது. மேலும், வீரரின் சம்மதம் இல்லாமல் ஐ.பி.எல். விதிப்படி பரிமாற்றம் நடக்காது என்பதையும், 2008-இல் ராஜஸ்தான் அணி கோப்பை வென்றபோது ஜடேஜா அந்த அணியில் ஆடிய இளைஞர் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த எண்ணுக்கு அவன் கொடுத்த மரியாதை எந்தப் பரிமாற்றத்திலும் சேராது.

“2025-இல் சென்னை முதன்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. உரிமையாளர்கள் இன்னும் தாராளமாகச் செலவு செய்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா?”
*– சேலம் வாசகர்*

செலவுக்கு உச்சவரம்பு இருப்பதால் தாராளம் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. 2025-க்கு எல்லா அணிகளுக்கும் 120 கோடிதான். 2026-க்கு 125 கோடி. எவ்வளவு பெரிய செல்வந்தரின் அணியானாலும் இந்தக் கோட்டைத் தாண்டி ஏலத்தில் கைதூக்க முடியாது. ஆகவே ஒரு வீரருக்குக் கொடுக்கும் தொகை அதிகமா குறைவா என்று தனியாகப் பார்ப்பதைவிட, அந்தத் தொகை வேறு யாரை வரவிடாமல் செய்தது என்று பார்ப்பதே சரி.

2024 இறுதியில், ஏலத்துக்கு முன் வீரர்களைத் தக்கவைத்துக்கொண்ட விதத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். சர்வதேசப் போட்டி ஆடிய வீரர்களைத் தக்கவைத்தால், அந்த 120 கோடியிலிருந்து முதல் மூவருக்கு 18, 14, 11 கோடி என இறங்குவரிசையில் கழித்துவிட்டு, நான்காமவருக்கு மறுபடியும் 18 கோடியைக் கழித்தார்கள். சென்னை நான்கு பேரை வைத்துக்கொண்டதால் போனது 61 கோடி. அதை ருதுராஜுக்கு 18, ஜடேஜாவுக்கு 18, பதிரனாவுக்கு 13, துபேக்கு 12 என்று பிரித்துக் கொடுத்தார்கள். ‘துபே 12 கோடிக்குக் கிடைத்தாரே’ என்று பல ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். உண்மையில், மூன்று பேரோடு நிறுத்தியிருந்தால் 43 கோடியில் முடிந்திருக்கும் என்பதால், நான்காவது ஆளின் விலை 18 கோடி. தனிக்கணக்கில் தக்கவைத்த தோனியின் 4 கோடியையும் சேர்த்து 65 கோடி போக, அதன்பின் ஜெட்டாவில் நடந்த ஏலத்துக்குச் சென்னை கொண்டுபோனது 55 கோடி மட்டுமே.

அந்த 55 கோடியில் நூர் அகமதுக்கு 10 கோடியும் அஸ்வினுக்கு 9.75 கோடியும் போயின. ஜடேஜாவையும் சேர்த்தால் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களுக்கு 37.75 கோடி, அதாவது மொத்தத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கான்வே, ரச்சின், திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர் ஆகிய ஐந்து மட்டையாளர்களுக்கும் சேர்த்துச் செலவிட்டது 16.55 கோடிதான். அந்த ஐவரில் ஒருவர்கூட இப்போது அணியில் இல்லை. சேப்பாக்கம் சுழலுக்கு உதவும் பழைய சேப்பாக்கம்தான் என்ற நம்பிக்கையில் செய்த முதலீடு அது. நூர் 24 விக்கெட் எடுத்துத் தன் விலையை நியாயப்படுத்தினார். அஸ்வின் 9 ஆட்டங்களில் 7 விக்கெட்டோடு முடித்து, பின்னர் ஐ.பி.எல்.லிலிருந்தே விடைபெற்றார். சேப்பாக்கத்தில் ஆடிய ஆறு ஆட்டங்களில் மும்பைக்கு எதிரான முதல் ஆட்டத்தை மட்டுமே வென்றோம். கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர் ஆடி 9 விக்கெட்டுக்கு 103 ரன் எடுத்த அந்த இரவை நான் மறக்கவே மாட்டேன். நம் கோட்டையில் நம் ஆயுதத்தாலேயே, நரைனின் சுழலாலேயே, நம்மைச் சாய்த்தார்கள்.

குறைவாகத் தக்கவைத்த அணிகள் அந்த ஆண்டு என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றே பேரை வைத்துக்கொண்டு 83 கோடியோடு ஏலத்துக்குப் போன பெங்களூரு கோப்பையை வென்றது. இரண்டே பேரை வைத்துக்கொண்டு 110.50 கோடியோடு போன பஞ்சாப் இறுதிப் போட்டிக்கு வந்தது. ஐந்து பேரைத் தக்கவைத்த மும்பையும் பிளே ஆஃப் வரை வந்ததால் இதை ஒரு சூத்திரமாக நான் சொல்லவில்லை. ஆனால் சென்னை பழக்கத்துக்குக் கொடுத்த விலை மிக அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

“ஒரு சர்வதேசப் போட்டிகூட ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.20 கோடி! இது அறிவுடைமையா?”
*– தூத்துக்குடி வாசகர்*

இந்தக் கேள்விதான் இந்த முறை அதிகம் வந்தது. வீர் உத்தரப்பிரதேசத்தின் இடக்கை சுழல் ஆல்ரவுண்டர், வயது 20. சர்மா ராஜஸ்தானின் விக்கெட் கீப்பர், வயது 19. இருவரின் அடிப்படை விலையும் 30 லட்சம். சர்வதேசப் போட்டி ஆடாத வீரர் ஒருவருக்கு அதற்கு முன் ஏலத்தில் கிடைத்த உச்ச விலை, 2022-இல் லக்னோ ஆவேஷ் கானுக்குக் கொடுத்த 10 கோடி. சென்னை அன்று கையில் கொண்டுபோன 43.40 கோடியில் 28.40 கோடி இந்த இருவருக்கே போயிற்று.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மினி ஏலத்தில் ஏறும் விலையை வைத்து வீரரின் தகுதியை எடைபோட முடியாது. கொல்கத்தாவிடம் 64.30 கோடி இருந்தது. மற்ற சில அணிகளிடமும் கணிசமான தொகை இருந்தது. ஆனால் பின்வரிசையில் அதிரடியாக ஆடி, இடக்கையால் சுழலும் வீசக்கூடிய இந்திய இளைஞர்கள் பட்டியலில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். பண்டிகைக்கு முந்தைய நாள் மல்லிகைப் பூவின் விலை ஏறுவதைப் போன்றது இது. பூ அதே பூதான். ராஜஸ்தானில் ஜடேஜா பெறப்போவது 14 கோடி. அவர் விட்டுப்போன இடத்துக்கு வந்திருக்கும் வீருக்கு 14.20 கோடி. ஜடேஜாவின் இடத்தை ஓர் இருபது வயது இளைஞருக்கு ஏறத்தாழ அதே விலையில் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். 2008-இல் தோனியை 15 லட்சம் டாலருக்கு வாங்கியபோது ஓர் அணியின் மொத்தத் தொகையே 50 லட்சம் டாலர்தான். பத்தில் மூன்று பங்கை ஒரே ஆளுக்குக் கொடுத்தோம். இன்றைய 14.20 கோடி, 125 கோடியில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. அளவை அப்படிப் பார்த்தால் இது நம் அணி செய்யாத துணிச்சல் அல்ல.

இளைஞர்களை நோக்கித் திரும்பியதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். எனக்குள்ள குறை வேறு. இந்த இருவருக்கும் போன தொகை வேகப்பந்து வீச்சைப் பட்டினி போட்டுவிட்டது. மேட் ஹென்றி 2 கோடிக்கு வந்திருக்கிறார், அது நல்ல பேரம்தான். ஆனால் கடைசி ஓவர்களில், இப்போது அணியில் இல்லாத பதிரனா செய்த வேலையை எல்லிஸ், கலீல், கம்போஜ், ஓவர்டன் ஆகியோர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இருவரில் ஒருவரை 10 கோடியைத் தாண்டியதும் விட்டுவிட்டு, ஒரு நிரூபிக்கப்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்குப் போயிருந்தால் அணி இன்னும் சமநிலையாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

இன்னொரு வேண்டுகோள், தூத்துக்குடி வாசகருக்கு மட்டும் அல்ல. அந்த இரண்டு பிள்ளைகளும் 30 லட்சம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் ஏலத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். 14.20 கோடி அவர்கள் கேட்ட தொகை அல்ல. முதல் ஆட்டத்திலேயே ஒருவர் இரண்டாவது பந்தில் ஆட்டமிழந்தால், ‘ஒரு பந்துக்கு எத்தனை லட்சம்’ என்று கணக்குப் போடும் பதிவுகளைத் தயவுசெய்து பகிராதீர்கள். கேள்வி கேட்பதென்றால் விலை ஏற்றியவர்களைக் கேளுங்கள்.

“எங்கள் ஊர்ப் பிள்ளை பதிரனாவை 13 கோடியிலிருந்து விடுவித்தார்கள், கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தது. சென்னைக்கு இது நட்டம்தானே?”
*– கண்டி வாசகர்*

பணக் கணக்கில் நட்டம் இல்லை. விடுவித்ததால் 13 கோடி கைக்கு வந்தது. 18 கோடி கொல்கத்தாவின் சுமை. 2023-இல் 19 விக்கெட் எடுத்த அந்தப் பதிரனாவை 2025-இல் நாம் பார்க்கவில்லை. 13 விக்கெட் எடுத்தாலும் ஓவருக்குப் பத்து ரன்னுக்கு மேல் கொடுத்தார். அவருக்கு 23 வயதுதான் ஆகிறது, மீண்டு எழுவார் என்பதே என் நம்பிக்கை. அப்படி எழும்போது எதிரணியில் நிற்பார் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

“சாய் சுதர்சன், வாஷிங்டன் சுந்தர், வருண் சக்கரவர்த்தி, நடராஜன் என எல்லாரும் வேறு அணிகளில். சென்னை அணியில் தமிழ்நாட்டு வீரர்களுக்கு ஏன் இடமில்லை?”
*– கோயம்புத்தூர் வாசகர்*

இந்தக் குறை நியாயமானது. இதற்கு நிர்வாகத்தின் சார்பில் வாதாட நான் தயாராக இல்லை. மாநிலத்துக்கு இட ஒதுக்கீடு கேட்பது அல்ல இது. கோவை அணிக்காக டி.என்.பி.எல்.லில் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆடிய சாய் சுதர்சனை 2022 ஏலத்தில் குஜராத் எடுத்த விலை 20 லட்சம். 2025-இல் அவர் 759 ரன் குவித்து, அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பியை வென்றார். நம் வீட்டு வாசலில் வளர்ந்த பிள்ளையை அகமதாபாத்திலிருந்து வந்தவர்கள் கண்டுகொண்டார்கள். தமிழ்நாட்டுக்கு ஆடும் குர்ஜப்னீத் சிங்கைத் தக்கவைத்திருப்பது ஒரு சிறு ஆறுதல். இன்னொரு தமிழ்நாட்டு இளைஞரான ஆந்த்ரே சித்தார்த்தை ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் விடுவித்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. வெறும் 30 லட்சத்தில் இருந்தவர் அவர்.

“ஏலம் முடிந்து சென்னையிடம் 2.40 கோடி மிச்சம் என்கிறார்கள். அதைக்கொண்டு இன்னும் ஒருவரை எடுக்கலாமா?”
*– நாகர்கோவில் வாசகர்*

எடுக்க முடியாது. ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர். சென்னையில் 25 இடமும் நிரம்பிவிட்டது. யாராவது காயம் போன்ற காரணத்தால் சீசனிலிருந்து விலகினால் மட்டுமே மாற்று வீரரை எடுக்கலாம். அவருக்குத் தரும் தொகை விலகியவரின் தொகையைத் தாண்டக் கூடாது. 2025 சீசனில் குர்ஜப்னீத் காயமடைந்தபோது அவருடைய 2.20 கோடிக்குள் டெவால்ட் பிரெவிஸ் வந்தார். ருதுராஜ் விலகியபோது 17 வயது ஆயுஷ் மாத்ரே 30 லட்சத்துக்கு வந்தார். பிரெவிஸ் ஆறு ஆட்டங்களில் 225 ரன், மாத்ரே ஏழு ஆட்டங்களில் 240 ரன். அந்த ஆண்டு சென்னை செய்த மிகச் சிறந்த இரண்டு தேர்வுகளும் ஏல மேடைக்கு வெளியே நடந்தவைதான். இருவரையும் இம்முறை தக்கவைத்திருக்கிறார்கள்.